ஆடிக் காற்று மின்பொறியை நகர்த்துமா? வாயுவும் கம்பியும் அசையும்போது மின்முறிவு எப்படி மாறுகிறது: முழுமையான வழிகாட்டி

ஆடிக் காற்றில் அம்மியும் நகரும் என்பார்கள். பல்லடம், உடுமலைப் பக்கம் இருப்பவர்களுக்கு அது வெறும் பழமொழி இல்லை. பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து வரும் காற்று வைகாசி முதல் ஆவணி வரை துணி காயவைக்க விடாது, தகர ஷீட்டைத் தூங்க விடாது. அப்படி ஒரு சாயங்காலம், மில் வாசல் கம்பத்தில் ஏபி சுவிட்சை (லைனைத் துண்டிக்கும் ஏர் பிரேக் சுவிட்ச்) இறக்கியபோது பளிச்சென்று ஒரு பொறி பறந்தது. பக்கத்தில் நின்ற பயிற்சிப் பையன் கேட்டான்: "ஏனுங்ணா, இந்தக் காத்துக்குப் பொறி அணையுங்களா, இல்ல பெருசாகுங்களா?"

"ரெண்டும்தான்" என்று அப்போதைக்குச் சொல்லித் தப்பித்துக்கொண்டேன். பதில் தப்பில்லை, ஆனால் பாதி பதில். காற்று எப்போது எதைச் செய்யும் என்று கணக்குப் போட்டுப் பார்க்க முடியும். பிளஸ் டூ இயற்பியலும் ஒரு கால்குலேட்டரும் போதும். அந்தக் கணக்கை நான் போடும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் படி: காற்று நிற்கட்டும், முதலில் அந்தக் கணக்கு

காற்று சாதாரணமாக மின்சாரத்தைக் கடத்தாது. அதன் இரு பக்கமும் மின்புலம் ஏறிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் திடீரென்று கடத்தியாகிவிடும். அதைத்தான் மின்முறிவு என்கிறோம். காற்றில் எங்கோ சும்மா திரியும் ஓர் எலக்ட்ரான் புலத்தில் வேகம் பிடித்து ஒரு மூலக்கூறை மோதுகிறது. இன்னோர் எலக்ட்ரான் கழன்று வருகிறது. இரண்டு நான்காகி, நான்கு எட்டாகி, கண் சிமிட்டும் நேரத்தில் வெள்ளமாகிவிடுகிறது. இந்தப் பெருக்கத்தை விளக்கியவர் டவுன்செண்ட் என்ற இயற்பியலாளர்.

மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய எண், கடல்மட்டக் காற்றில் ஒரு சென்டிமீட்டர் சீரான இடைவெளிக்குச் சுமார் 30 கிலோவோல்ட். 1889-இல் ஃபிரெட்ரிக் பாஸ்சென் கண்டது இன்னும் முக்கியம். முறிவுக்கான வோல்டேஜ் அழுத்தத்தையோ இடைவெளியையோ தனித்தனியாகப் பார்ப்பதில்லை, இரண்டின் பெருக்கலைப் பார்க்கிறது. சரியாகச் சொன்னால், வாயுவின் அடர்த்தியையும் இடைவெளியையும் பெருக்கி வரும் எண்ணை. ஓர் எலக்ட்ரான் வழியில் எத்தனை மூலக்கூறைச் சந்திக்கிறது என்பதுதான் சங்கதி. அடர்த்தி என்ற இந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள், மூன்றாம் படியில் வேண்டும்.

இதை வரைபடமாகப் போட்டால் வரும் பாஸ்சென் வளைகோட்டுக்கு ஓர் அடிமட்டம் உண்டு. காற்றுக்கு அது சுமார் 327 வோல்ட். அதற்குக் கீழே எவ்வளவு நெருக்கி வைத்தாலும் குளிர்ந்த காற்று இந்த வழியில் முறியாது. நம் வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தின் உச்சம் எவ்வளவு? 230-ஐ 1.414-ஆல் பெருக்குங்கள். 325. மயிரிழையில் கீழே! அப்படியானால் ஓடும் மிக்ஸியின் பிளக்கைப் பிடுங்கும்போது நீலப்பொறி எங்கிருந்து வருகிறது? அது முறிவில் பிறந்த பொறி இல்லை, வேறு வழியில் வந்தது. ஆறாம் படியில் அதைப் பார்ப்போம்.

இரண்டாம் படி: மூன்று கடிகாரங்கள்

இந்த ஒரு படியை ஒழுங்காகச் செய்தால் மீதியெல்லாம் தானாக வரும். ஒரு சென்டிமீட்டர் இடைவெளியை எடுத்துக்கொள்வோம்.

முதல் கடிகாரம் எலக்ட்ரானுடையது. முறிவு நிகழும் புலத்தில் எலக்ட்ரான் விநாடிக்கு ஒரு லட்சம் மீட்டருக்கு மேல் நகர்கிறது. ஒரு சென்டிமீட்டரைக் கடக்க 0.1 மைக்ரோவிநாடிக்குள்தான் ஆகும்.

இரண்டாவது அயனியுடையது. எலக்ட்ரானை இழந்த மூலக்கூறு கனமானது, மாட்டு வண்டி மாதிரி. அதே புலத்தில் விநாடிக்கு ஏறக்குறைய 500 மீட்டர். கடக்க 20 மைக்ரோவிநாடி.

மூன்றாவது சூட்டுடையது. பொறி போன தடத்தில் சூடான, நீர்த்துப்போன காற்று சில மில்லிவிநாடி தங்கியிருக்கும். தொடர்ந்து மின்சாரம் ஊட்டினால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தங்கும்.

இப்போது ஆடிக் காற்றை உள்ளே விடுவோம். மணிக்கு 54 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 15 மீட்டர். முதல் கடிகாரம் ஓடி முடிவதற்குள் அது நகரும் தூரம் 1.5 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்குகூட வராது. இரண்டாவது முடிவதற்குள் 0.3 மில்லிமீட்டர். ஒரு மில்லிவிநாடியில் 15 மில்லிமீட்டர். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் அரைச்சுற்றான 10 மில்லிவிநாடியில் 15 சென்டிமீட்டர், அரைச் சாணுக்கு மேல் வரும்.

ஆக, பொறி பிறப்பதைக் காற்று தடுப்பதில்லை. பிறந்தபின் அதை இழுத்துக்கொண்டு போவது, நீட்டுவது, பிய்ப்பது எல்லாம் அதன் வேலை.

இதைச் சமையலறையிலேயே பார்த்துவிடலாம். சிலிண்டரை அடைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து காற்றாடவிட்டு, பக்கத்தில் எதுவும் பற்றிக்கொள்ளும்படி இல்லை என்று உறுதி செய்தபின் விளக்கை அணையுங்கள். 'டிக் டிக்' என்று அடிக்கும் சாதாரண கேஸ் லைட்டரை எடுத்து, முனையின் குறுக்கே ஹேர் டிரையரை விடுங்கள். அடித்துப் பாருங்கள். காற்று என்ன வீசினாலும் பொறி அதே இடத்தில் வருகிறது, சாய்வதில்லை. அது பிறந்து சாவதற்குள் காற்று நகரவே இல்லை.

அப்புறம் சார்ஜ் போட்டுப் பயன்படுத்தும் ஆர்க் லைட்டரை எடுங்கள். அதில் ஊதாநிற இழை தொடர்ந்து எரியும், இப்படி விடாமல் எரியும் பொறிதான் ஆர்க். டிரையரைத் தள்ளி வைத்து மெதுவாக நெருக்கினால் இழை வில்லாக வளையும். இன்னும் நெருக்கினால் நீண்டு, மெலிந்து, அறுந்து, உடனே முனைகளுக்கு நடுவே குட்டையாகப் புதிதாகப் பிறக்கும். மொபைலின் ஸ்லோமோஷனில் எடுத்தால் இந்த அறுந்து பிறக்கும் ஆட்டம் நன்றாகத் தெரிகிறது. ஒரே காற்று, இரண்டு லைட்டர், இரண்டு நடத்தை.

ஒரு விஷயம் கவனம். டிரையரைக் குளிர்ந்த காற்றில் வையுங்கள். சூடான காற்றில் வைத்தால் அசைவின் விளைவையும் சூட்டின் விளைவையும் ஒன்றாகக் குழப்பிவிடுவீர்கள். 30 டிகிரிக் காற்று 80 டிகிரிக்குப் போனாலே அடர்த்தி சுமார் 14 விழுக்காடு குறைந்துவிடும்.

பைக்கின் ஸ்பார்க் பிளக்கிலும் இதே கதைதான். 0.8 மில்லிமீட்டர் இடைவெளி முறிய ஒரு மைக்ரோவிநாடி போதும். அதன்பின் இக்னிஷன் காயில் ஒரு மில்லிவிநாடிக்கு மேல் மின்சாரத்தை ஊட்டுகிறது. சிலிண்டருக்குள் சுழலும் கலவை அந்தப் பொறியைப் பட்டம் மாதிரி இழுத்து வளைக்கிறது. கொஞ்சம் இழுத்தால் நல்லது, தீ அதிக இடத்தைத் தொடும். ரொம்ப இழுத்தால் அறுந்துபோகும்.

மூன்றாம் படி: அடர்த்தி மாறுகிறதா?

அசைவு, முறிவு வோல்டேஜையே நேரடியாக மாற்றுவது பெரும்பாலும் இந்த ஒரு வழியில்தான். ஓடும் வாயுவில் அழுத்தம் குறையும், அடர்த்தியும் குறையும். எவ்வளவு என்பதற்கு அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்குங்கள்.

ஆடிக் காற்றுக்கு 135 பாஸ்கல். வளிமண்டல அழுத்தம் ஒரு லட்சம் பாஸ்கல். ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குகூட இல்லை, விட்டுவிடலாம். காற்றாலை இறக்கையின் முனை விநாடிக்கு 80 மீட்டர் போகிறது என்றால் சுமார் 3,800 பாஸ்கல், 4 விழுக்காட்டுக்குள். இறக்கையின் உறிஞ்சும் பக்கத்தில் இது ஒன்றிரண்டு மடங்காகலாம். கவனிக்கத் தக்கது, பயப்படத் தக்கதில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க, கோயம்புத்தூரிலிருந்து ஊட்டிக்கு ஏறினாலே, 2,200 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் எண்பது விழுக்காடு அளவுக்கு இறங்கிவிடும். இவ்வளவு உயரத்தில் வைக்க மின்கருவி வாங்குகிறவர்கள் உயரத்துக்கான திருத்தத்தைக் கேட்பது அதனால்தான். அசைவைவிட மலை பெரிய ஆள்.

ஒலியின் வேகத்தை நெருங்கினால் நிலைமை வேறு. காற்று ஒலியின் வேகத்தைத் தொடும் இடத்தில் அடர்த்தி, தேங்கிய நிலையில் இருந்ததில் 63 விழுக்காடாகிறது. துணை மின்நிலைய யார்டில் நிற்கும், எஸ்எஃப்6 (சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடு) வாயு நிரப்பிய பிரேக்கருக்குள் இது நிஜமாகவே நடக்கிறது. அந்த வாயு காற்றைவிட இரண்டரை மடங்குக்கு மேல் மின்சாரத்தைத் தாங்கும். ஆனால் அதில் ஒலியின் வேகம் விநாடிக்கு 135 மீட்டர் மட்டும்தான். ஆர்க்கை அணைக்க முனைக்குழல் வழியாகப் பீய்ச்சும்போது சுலபமாக ஒலியின் வேகத்தைத் தாண்டிவிடும். தாண்டிய இடத்தில் அடர்த்தி விழும், தாங்கும் திறனும் விழும். அணைக்க வந்த வாயுவே அடுத்த முறிவுக்கு வழி திறந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தக் குழலின் வடிவத்துக்கு அவ்வளவு மெனக்கெடல்.

வாயுவே மாறிப்போவதையும் இந்தப் படியில் பார்த்துவிடுங்கள். திறந்தவெளியில், ஆர்கான் வாயுவைப் பாய்ச்சிச் செய்யும் டிக் வெல்டிங் செய்கிறவருக்கு இது தெரியும். ஆர்கான் மெல்லிய புலத்திலேயே முறியும், காற்றுக்கு வேண்டியதில் ஐந்தில் ஒரு பங்கு போல. காற்று வீசி ஆர்கானை விரட்டிவிட்டால் டார்ச் முனையில் ஆர்க் பிடிக்க அடம்பிடிக்கும். பிடித்தாலும் வெல்டு கறுத்துப்போகும். தடுப்புக்கு ஒரு தார்ப்பாய் கட்டினால் சரியாகிவிடும்.

நான்காம் படி: பழைய பொறியின் மிச்சம்

ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பொறி அடிக்கிறது என்றால் இரண்டாவது பொறிக்கு முதல் பொறி பாதை போட்டு வைத்திருக்கும். 3,000 கெல்வினில் கிடக்கும் தடத்தில் அடர்த்தி, அறைவெப்பக் காற்றில் உள்ளதில் பத்தில் ஒன்று. முறிவு வோல்டேஜும் கிட்டத்தட்ட அதே கணக்கில் விழும். காற்று அந்தத் தடத்தைத் துடைத்துவிட்டால் இரண்டாவது பொறி மறுபடி முழு விலை கொடுக்க வேண்டும்.

துடைக்க எவ்வளவு வேகம் வேண்டும்? தடத்தின் அகலத்தை, விநாடிக்கு எத்தனை பொறி என்பதால் பெருக்குங்கள். 5 மில்லிமீட்டர் தடம், விநாடிக்கு 100 பொறி என்றால் 0.5 மீட்டர் வேகம், வாயால் ஊதினாலே போதும். விநாடிக்கு 10,000 பொறி என்றால் 50 மீட்டர், புயல் வேண்டும். ஆர்க் லைட்டரின் இழை டிரையருக்கு உடனே அறுந்துபோகாமல் முதலில் வளைவதற்கு இதுதான் காரணம். அது ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸில் ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பழைய தடம் கொஞ்சமே நகர்ந்திருப்பதால் அதையே பிடித்துக்கொண்டு போகிறது.

ஐந்தாம் படி: கரோனா இருந்தால் கணக்கு தலைகீழ்

இதுவரை வலுவான புலம். கூர்முனையிலிருந்தோ மெல்லிய கம்பியிலிருந்தோ தள்ளிப் போனால் புலம் சட்டென்று விழுந்துவிடும். முனைக்குப் பக்கத்தில் மட்டும் காற்று முறிந்து 'ஸ்ஸ்' என்று சத்தம் போடும். இதுதான் கரோனா. அங்கே பிறந்த அயனிகள் வலுவற்ற புலத்தில் மெதுவாக ஊர்ந்து போகும். எவ்வளவு மெதுவாக? ஒரு சென்டிமீட்டருக்கு 250 வோல்ட் புலத்தில் விநாடிக்கு 4 மீட்டருக்கும் குறைவு. இப்போது ஆடிக் காற்று அயனியைவிட வேகமான ஆள்.

சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகலூருக்கு ±800 கிலோவோல்ட் நேர்மின்சாரத் (டிசி) தொடர் வருகிறது, 6,000 மெகாவாட் கொள்ளளவு. மாறுமின்சாரக் (ஏசி) கம்பியில் அயனிகள் விநாடிக்கு நூறு முறை திசை மாறி அங்கேயே அல்லாடும். நேர்மின்சாரத்தில் அப்படியில்லை, ஒரே திசையில் கிளம்பிப் போய்க்கொண்டே இருக்கும். தரையருகே புலம் மேலே சொன்ன அளவில் இருந்தால் காற்று அந்த அயனிக் கூட்டத்தை அப்படியே ஒரு பக்கம் தள்ளிக்கொண்டு போய்விடும். இத்தகைய கம்பிக்கு அடியில் அளவெடுக்கிறவர்கள் காற்றின் வேகத்தையும் திசையையும் சேர்த்துக் குறிப்பதற்குக் காரணம் இது.

காற்றாலையில் இது இன்னும் சுவாரசியம். இடிமேகம் வரும்போது உயரமான, அசையாத ஒரு கம்பம் தன் நுனியில் கரோனா விட்டு அயனிக் குடை ஒன்றைப் பிடித்துக்கொள்கிறது. அந்தக் குடை நுனியிலுள்ள புலத்தைக் குறைத்து, மேல்நோக்கி மின்னல் கிளம்புவதைக் கொஞ்சம் தடுக்கிறது. சுழலும் இறக்கைக்கு அந்தக் குடை வாய்க்காது. விநாடிக்கு 80 மீட்டர் வேகத்தில் தன் அயனிக் கூட்டத்தை விட்டு ஓடிவிடுகிறது. ஒவ்வொரு முறை உச்சிக்கு வரும்போதும் புதிய, மூடாத நுனி. ஸ்பெயினில் சுழலும் காற்றாலைகளிலிருந்து சுற்றுக்கு ஏற்ற இடைவெளியில் மின்னிறக்கங்கள் கிளம்புவதைப் பதிவு செய்து 2014-இல் வெளியிட்டார்கள். பூளவாடி, கேத்தனூர்ப் பக்கம் இறக்கைகளைக் கீழே இறக்கிவைத்திருக்கும்போது நுனியருகே சின்ன உலோகப் பொட்டு இருக்கிறதா என்று பாருங்கள். மின்னலை வாங்கி உள்ளே ஓடும் கம்பி வழியாகத் தரைக்கு அனுப்புவது அதுதான்.

ஆறாம் படி: காற்று நிற்கிறது, கம்பி நகர்கிறது

நெருங்குவது, பிரிவது என்று இதில் இரண்டு உண்டு.

நெருங்குவதற்கு கொசு பேட்டே உதாரணம், கொசுதான் நகரும் மின்முனை. மில்லில் பாலியஸ்டர் ஓடும் நாளில் மெஷினைத் தொடப்போகும் விரல் இன்னோர் உதாரணம். முறிவு தொடங்க முதலில் ஓர் எலக்ட்ரான் அங்கே இருக்க வேண்டும். அது எப்போது கிடைக்கும் என்பது அதிர்ஷ்டம், சில சமயம் ஒரு மில்லிவிநாடி தாமதமாகும். விரல் விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் போனால் அதற்குள் அரை மில்லிமீட்டர் உள்ளே போயிருக்கும். இருக்க வேண்டியதைவிடக் குட்டையான இடைவெளியில், கூடுதலான புலத்தில் பொறி அடிக்கும், மின்னோட்டம் செங்குத்தாக ஏறும். படக்கென்று தொட்டால் சுள்ளென்று இருப்பதும், எலக்ட்ரானிக் போர்டு சாவதும் இப்படித்தான். பொதுவாக, கையில் ஒரு சாவியை வைத்து முதலில் அதைக் கொண்டு எர்த்தான உலோகத்தைத் தொட்டுக்கொள்வது என் பழக்கம்.

பிரிவதில் நிலைமின்சாரம் ஒரு ரகம். ரோலரை விட்டுத் துணி பிரியும்போது மின்னூட்டமும் பிரிகிறது. மெஷின் மெதுவாக ஓடினால் அதில் பெரும்பகுதி திரும்பிக் கசிந்துவிடும், வேகமாக ஓடினால் நேரம் கிடைக்காது. ஆனால் எல்லையில்லாமல் ஏறாது. சதுர மீட்டருக்கு சுமார் 27 மைக்ரோகூலம் சேர்ந்தால் மேற்பரப்பில் சென்டிமீட்டருக்கு 30 கிலோவோல்ட் புலம் வந்து காற்றே முறிந்துவிடும். இருட்டில் துணி பிரியும் கோட்டில் தெரியும் நீல மினுக்கம் அதுதான்.

இன்னொரு ரகம் சுவிட்சும் பிளக்கும் ஃபியூஸ் கட்டையும். மிக்ஸியின் பொறிக்கு இங்கே பதில். தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு உலோகங்கள் பிரியும் கடைசி நொடியில் ஒரு புள்ளியில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். மொத்த மின்னோட்டமும் அதன் வழியாகப் பாய, உலோகம் உருகி, ஆவியாகி, அந்த ஆவியிலேயே ஆர்க் பிடித்துக்கொள்கிறது. இதற்கு 327 வோல்ட் தேவையில்லை. செம்புக்குப் பதினைந்து வோல்ட்டுக்குள், அரை ஆம்பியர் போதும். குளிர்ந்த காற்றை முறிக்க முடியாத வோல்டேஜ், இழுத்து வளர்த்த ஆர்க்கைத் தாங்கிப் பிடிக்கும். தோட்டத்து மோட்டார் ஓடும்போதே கட்டையைப் பிடுங்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

ஏழாம் படி: ஆர்க்கை எங்கே ஓட்டப்போகிறோம்?

ஆர்க் நீண்டால் அது கேட்கும் வோல்டேஜ் ஏறும். லைன் கொடுக்க முடியாத அளவு ஏறினால் செத்துவிடும். ஸ்டார்ட்டரைத் திறந்தால் காண்டாக்டரின் மேல் சீப்பு மாதிரி இரும்புத் தகடுகள் தெரியும், அதுதான் ஆர்க் சூட். ஆர்க் தன் காந்தப்புலத்தாலேயே அதற்குள் தள்ளப்பட்டுத் துண்டாகிறது. ஒவ்வொரு துண்டும் இருபது வோல்ட்டுக்கு மேல் விழுங்குகிறது. பத்துத் தகடு இருந்தால் கூட்டிப் பாருங்கள்.

மாறுமின்சாரம் விநாடிக்கு நூறு முறை சுழியை (பூஜ்ஜியத்தை) தொடுவதால் அணைய வாய்ப்புக் கிடைத்துக்கொண்டே இருக்கும். சோலார் பம்பு செட்டின் நேர்மின்சாரத்தில் அந்த வாய்ப்பே இல்லை. பேனல் வரிசையின் கனெக்டரை வெயில் நேரத்தில் ஓடும் லோடில் பிடுங்கினால் ஆர்க் பிடிவாதமாக எரியும். முதலில் இன்வெர்ட்டரை நிறுத்துங்கள், அப்புறம் டிசி ஐசொலேட்டர், அதன்பிறகே கனெக்டர். டிசி பிரேக்கர்கள் சிலவற்றில் ஆர்க்கைத் தள்ள நிலைக்காந்தம் இருக்கும். பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்தால் அது ஆர்க்கை அந்தத் தகடுகளுக்குள் தள்ளாமல் எதிர்ப்பக்கம் தள்ளும். அப்படி மாற்றிக் கொடுத்து, பெட்டியே உருகிப்போன ஒரு பிரேக்கர் என் மேஜையில் இன்னும் இருக்கிறது.

இனி அந்த ஏபி சுவிட்ச். லோடு இல்லாமல் திறக்க வேண்டிய சுவிட்ச் அது, அன்றைக்கு ஏதோ மிச்ச லோடு இருந்திருக்கிறது. கத்திகள் பிரிந்ததும் ஆர்க் பிடித்தது. சுவிட்சின் மேல் கொம்பு மாதிரி விரிந்த கம்பிகளில் சூடு தானாக ஏறி ஆர்க்கை நீட்டியது, அது அணைவதற்கான வழி. கூடவே காற்று பக்கவாட்டில் தள்ளியது. சின்ன மின்னோட்டம் என்றால் சுழியில் மின்சாரம் நின்ற அந்தக் கணத்தில் காற்று தடத்தைத் துடைத்துவிடும், பொறி சாகும். பெரிய மின்னோட்டம் என்றால் தடம் தடிமனானது, சுழியைத் தாண்டியும் சூடு ஆறாது, ஆர்க் காற்றோடு பயணம் போகும். ஒரு அரைச்சுற்றுக்கு 15 சென்டிமீட்டர், ஐந்து அரைச்சுற்றுக்கு 75 சென்டிமீட்டர். பக்கத்து ஃபேஸ் அங்கிருந்து எவ்வளவு தூரம் என்று பையனை அண்ணாந்து பார்க்கச் சொன்னேன். அவன் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றான்.